கொங்கு நாட்டு நடுகல் ஒளிப்படங்கள்: அச்சமும் எழுத்தும்

நடுகல் என்பது இறந்தவரின் நினைவாக நடப்பட்ட கல். வீரக்கல், நினைவுக்கல் என்றும் இதைக் கூறுவர். திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்குப் பகுதியில் ஊர் எல்லை, தோட்டத்து வரப்பு, குளக்கரை, கோயில் வாசல் எனப் பல இடங்களில் இக்கற்கள் நிற்கின்றன. கைப்பேசியில் நல்ல கேமரா வந்தபின் இவற்றைத் தேடிச் சென்று படம் எடுப்போர் பெருகியுள்ளனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் இப்படங்களில் ஒரு பகுதி 'திகில்', 'அமானுஷ்யம்', 'மர்மக் கல்' போன்ற தலைப்புகளோடு வெளிவருகிறது. கல் யாருக்காக நடப்பட்டது, எந்த ஊரில் உள்ளது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்ற செய்திகள் அவற்றில் இருப்பதில்லை.

இக்கட்டுரை அந்தப் பாணியை மதிப்பிடுகிறது. நடுகல்லைப் படம் எடுப்பவரின் முதற்கடமை, இறந்தவரின் பெயரைப் பிறர் படிக்கத் தருவது. பெயர் பொறிக்கப்படாத கல்லாயின், அதைச் சுற்றி வாழ்வோர் அதற்கு வழங்கும் பெயரைப் படத்தோடு சேர்த்துத் தருவது. இந்த அளவுகோலைக் கொண்டே நடுகல் ஒளிப்படங்கள் இங்கு எடைபோடப்படுகின்றன.

கொங்குப் பகுதியின் நினைவுக்கற்கள்

இப்பகுதியில் இறந்தோருக்குக் கல் எடுக்கும் வழக்கம் மிகப் பழமையானது. திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில், ஈரோடு மாவட்ட எல்லைக்குள் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்படும் ஊர் இதுவே என்பர். இங்குள்ள பெருங்கற்கால ஈமக்காட்டில் கல்வட்டங்களும், பலகைக்கற்களால் அமைத்த கல்லறைகளும் உள்ளன. கல்லறைப் பலகைகள் சிலவற்றில் இடுதுளை உண்டு. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கு அகழாய்வு செய்தது. ஒரே கல்லறையிலிருந்து 2000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. வாழ்விடப் பகுதியில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்ட பானையோடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கொடுமணலை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் தமிழ்ப் பல்கலைக்கழகக் கல்வெட்டுத் துறையில் பணியாற்றிய புலவர் செ. இராசு ஒருவர்.

திருப்பூருக்கு வடகிழக்கே உள்ள விசயமங்கலம் சமணக் கோயிலில் வேறு வகை நினைவுச் சின்னம் ஒன்று உள்ளது. உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த புள்ளப்பை என்ற பெண்ணின் நிசீதிகை அது. அவர் சாமுண்டராயரின் தங்கை. சரவணபெளகொளாவில் பெரிய கோமதீசுவரர் சிலையைச் செய்வித்த கங்க நாட்டு அமைச்சரே அந்தச் சாமுண்டராயர். நோன்பிருந்து இறந்த சமணரின் நினைவிடத்துக்கு நிசீதிகை என்று பெயர்.

இவற்றுக்குப் பிறகு எண்ணிக்கையில் மிகுந்து காணப்படுபவை புலிகுத்திக்கற்கள். பட்டியில் அடைத்த மாடுகளையோ ஊரையோ காக்கப் புலியோடு பொருது இறந்த வீரனுக்கு எடுத்தவை இவை. பின்னங்கால்களில் எழும்பிப் பாயும் புலியை வீரன் ஈட்டியாலோ வாளாலோ குத்துவதுபோலச் செதுக்கியிருப்பர். காங்கேயம் மாடுகளுக்குப் பெயர்பெற்ற மேய்ச்சல் நிலத்தில் இவ்வகைக் கற்கள் மிகுந்திருப்பது இயல்பே. கணவனோடு உயிர்விட்ட பெண்ணை நினைவுகூரும் கற்களும் உண்டு. அத்தகைய பெண்ணை இப்பகுதியினர் வீரமாத்தி என்று வணங்குகின்றனர்.

எனவே 'பழைய கல்லறைக் கல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்காத நான்கு வகைக் கற்கள் இங்கு உள்ளன. ஈமக்காட்டுக் கல்வட்டம் ஒரு புதைவிடம். நிசீதிகை ஒரு நோன்பின் சான்று. புலிகுத்திக்கல் ஒரு சண்டையின் நினைவு. வீரமாத்திக்கல் ஓர் உயிர்விடுதலின் நினைவு. வீரக்கல் நிற்கும் இடத்தில் உடல் புதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இவை அனைத்தையும் ஒரே இருட்டு வண்ணத்தில் படமாக்கி 'சமாதி' என்று தலைப்பிடுவது முதல் பிழை.

சங்கப் பாடல்கள் காட்டும் இரு வழிப்போக்கர்கள்

நடுகல்லைப் பார்த்து அஞ்சுவது இன்றைய வழக்கம் மட்டுமே என்று கூறிவிட முடியாது. அகநானூற்றின் 297-ஆம் பாடலில் வரும் நடுகல்லுக்கு அச்சம் முதிர்ந்த கல் என்ற பொருளிலேயே அடைமொழி வருகிறது. ஆனால் அந்தப் பாடல் அச்சத்தோடு நிற்கவில்லை. மறவர்கள் தம் அம்புகளை அந்தக் கல்லில் தீட்டியதால் அதன் பக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. அதில் உளியால் செதுக்கிய எழுத்து இருக்கிறது. அவ்வழியே செல்லும் புதியவர்கள் களைப்பினால் அதைக் கூட்டிப் படிக்க நில்லாமல் கடந்துபோகின்றனர்.

343-ஆம் பாடலில் வேறொரு காட்சி வருகிறது. உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் பட்டு நடுகல்லின் தலைப்பகுதி சிதைந்துவிடுகிறது. அதற்குச் சூட்டிய மாலை வாடிக் கிடக்கிறது. கல்லை நீராட்டுவாரும் இல்லை. எழுத்துகளின் கோடுகள் மறைந்துவிட்டதால், வழிப்போக்கர் படிக்கும்போது அது வேறு பொருள் தருகிறது.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய இவ்விரு காட்சிகளும் இன்றைய ஒளிப்படங்களை மதிப்பிட உதவுகின்றன. முதல் வழிப்போக்கர் கல்லைப் பார்க்கிறார், படிக்கவில்லை. இரண்டாமவர் படிக்கிறார், ஆனால் சிதைந்த எழுத்திலிருந்து தவறான பொருளைப் பெறுகிறார். திகில் படம் எடுப்பவர் முதலாமவரைப் போன்றவர். கல்லில் இல்லாத மன்னர் பெயரையோ சாதிப் பெயரையோ தலைப்பில் சேர்ப்பவர் இரண்டாமவரைப் போன்றவர். கல்லில் அம்பு தீட்டியதும் வண்டி மோதியதும் அன்றைய கேடுகள். சாலை விரிவாக்கமும் மனைப்பிரிவும் இன்றைய கேடுகள்.

நடுகல் எடுப்பது அக்காலத்தில் பலர் கூடிச் செய்த சடங்காக இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. தகுந்த கல்லைக் காண்பது, அதைக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது என்பவை அவை. ஊர் கூடிக் குளிப்பாட்டி, மாலையிட்டு, வாழ்த்திய ஒரு கல்லை, எவரும் அண்டாத பாழிடத்துப் பொருளாக மட்டுமே படம் காட்டுமானால் அந்தப் படம் கல்லின் வரலாற்றில் பெரும்பகுதியை விட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மைப்படியிலிருந்து ஒளிப்படத்துக்கு

தமிழகத்தில் கல்லெழுத்தை ஒளிப்படம் எடுக்கும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்தார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக அதை ஆக்கினார். அவர் கோபுரங்களையும் மண்டபங்களையும் அழகுறப் படம் எடுத்தவர். ஆனாலும் இந்தச் சுருளில் அழகான கோணத்தைத் தேடவில்லை. எழுத்து விடுபடாமல் வரவேண்டும் என்பதே அதில் அவருக்கு நோக்கமாக இருந்தது.

1886-இல் ஹுல்ட்ஷ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற பிறகு மைப்படி எடுக்கும் முறை வலுப்பெற்றது. கல்லைத் தூரிகையால் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளைப் புகுத்தி, மையொற்றியால் ஒற்றி எடுப்பது மைப்படி. எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் தெரியும். மைப்படியில் கல்லின் நிறமோ சூழலோ இருக்காது. ஆனால் எழுத்து இருக்கும்.

நடுகற்களைப் பொறுத்தவரை இம்மரபின் சிறந்த விளைவு, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல். எடத்தனூர் நடுகல் இப்பகுதியைச் சேர்ந்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. படத்தைப் பார்ப்பவர் நாயைக் காணலாம். அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் எழுத்தைப் படித்தவருக்கே தெரியும். 1400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது என்றால், அதற்குக் காரணம் யாரோ ஒருவர் அந்தக் கல்லைப் படிக்க நின்றதே.

2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்துவன் என்பவனுக்கு எடுத்தது. ஆகோள் என்பது பகைவரின் ஆநிரையைக் கவர்தல். அக்கல்லில் உருவம் ஏதுமில்லை. சிறிய கல்லில் சில சொற்கள் மட்டுமே உள்ளன. தோற்றத்தில் அச்சமூட்டும் கல்லை மட்டுமே தேடுபவர் இதைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். தமிழ் நடுகற்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று வெறும் கல்லாகவே கிடந்திருக்கும்.

திகில் பாணியின் கூறுகள்

திகில் நோக்கோடு எடுக்கப்படும் நடுகல் படங்களில் சில பொதுக்கூறுகளைக் காணலாம்.

முதலாவது கோணம். கேமராவைத் தரையோடு தாழ்த்தி அண்ணாந்து எடுப்பதால் மூன்றடிக் கல் ஆளுயரத் தூணாகத் தெரிகிறது. அருகில் அளவுகோல் ஏதும் இல்லாததால் கல்லின் உண்மையான உயரத்தைப் பார்ப்பவரால் அறிய முடிவதில்லை.

இரண்டாவது நிறம். படத்தைக் கருப்புவெள்ளையாக்கி நிழல்களை மேலும் கருக்கச் செய்கின்றனர். வழிபாட்டில் உள்ள கற்களில் மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை இருக்கும். அவை அந்தக் கல் இன்றும் வணங்கப்படுகிறது என்பதற்கான சான்று. நிறத்தை எடுத்துவிட்டால் அந்தச் சான்றும் மறைகிறது. கல் கைவிடப்பட்டதுபோலத் தோன்றுகிறது.

மூன்றாவது வெட்டு. திருப்பூர்ப் பகுதியில் ஒரு நடுகல்லுக்குப் பின்னால் மின்கம்பமோ, பனியன் கம்பெனியின் சுற்றுச்சுவரோ, கழிவுத்துணி மூட்டையோ, ஆழ்குழாய்க் கிணற்று வண்டியோ இருப்பது சாதாரணம். இவை படத்தின் மர்மத்தைக் கெடுப்பதாகக் கருதி வெட்டப்படுகின்றன. ஆனால் பின்னாளில் அந்தக் கல்லைத் தேடி வருபவருக்கு அடையாளமாக உதவக்கூடியவை இவையே. தொழிற்கூடமும் குடியிருப்பும் கல்லை எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதும் வரலாற்றுச் செய்திதான். அதை வெட்டிய படம், கல்லுக்கு வரும் ஆபத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறது.

நான்காவது தலைப்பு. 'இரவில் இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை' என்பதுபோன்ற வாசகங்கள் எந்தக் கல்லின் படத்துக்கும் பொருந்தும். எந்தக் கல்லுக்கும் பொருந்தும் வாசகம் அந்தக் கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றே பொருள். தலைப்பில்லாமல் பரவும் படங்களின் நிலை இன்னும் மோசம். அவை வேறு ஊர், வேறு மன்னன், வேறு சமூகம் என்று கைமாறிக்கொண்டே போகின்றன. வீரன் எந்தச் சமூகத்தவன் என்று கல் கூறாதபோது படத்தின் தலைப்பும் கூறக்கூடாது.

ஐந்தாவது, கல்லின் மீதான கை. எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுண்ணாம்புப் பொடி பூசுவது, சாக்கட்டியால் எழுத்தின்மேல் எழுதுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது ஆகியவை நடக்கின்றன. சாக்கட்டியால் எழுதுபவர் தமக்குத் தெரிந்த எழுத்தையே எழுதுகிறார். அதன்பின் எடுக்கும் படம் கல்லின் வாசகத்தைத் தராது, எழுதியவரின் ஊகத்தையே தரும். கம்பித் தூரிகை தேய்த்த கல் பழைய நிலைக்குத் திரும்பாது.

அச்சமே நோக்கமான கற்கள்

அச்சமூட்டும் கல்லறைகள் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் இதற்குச் சிறந்த சான்று. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே 17-ஆம் நூற்றாண்டு முதலான கல்லறைகள் டச்சு மொழி வாசகங்களோடும் குடும்பச் சின்னங்களோடும் உள்ளன. வாழ்வு நிலையற்றது, பார்ப்பவரும் ஒருநாள் இறப்பார் என்று நினைவூட்டுவது அக்கால ஐரோப்பியக் கல்லறைக் கலையின் நோக்கங்களில் ஒன்று. பழவேற்காட்டு வாயிலை அச்சம் தோன்றப் படம் எடுப்பவர் அதைச் செதுக்கியவரின் கருத்தையே பின்பற்றுகிறார். அதில் குறைகாண இடமில்லை.

கொங்கு நாட்டுப் புலிகுத்திக்கல் அத்தகையது அன்று. அதில் எலும்புக்கூடு இல்லை, மணற்கடிகை இல்லை, சாவைப் பற்றிய எச்சரிக்கையும் இல்லை. வீரன் சாகும் தருணத்தைக்கூடப் பல கற்கள் காட்டுவதில்லை. அவன் நிமிர்ந்து நின்று புலியைக் குத்தும் தருணத்தையே காட்டுகின்றன. போரில் இறந்த வீரர்களுக்கு எடுத்த அடுக்குநிலைக் கற்களில் கீழே போர், நடுவே தேவமகளிர் வீரனை அழைத்துச் செல்லுதல், மேலே இறைவன் திருமுன் அவன் இருத்தல் என்று காட்சிகள் மேல்நோக்கிச் செல்லும். ஒரு மரபின் குறியீட்டை மற்றொரு மரபின் கண்ணாடி வழியே பார்ப்பதால்தான் பழவேற்காட்டுக்குப் பொருந்தும் படப்பாணி காங்கேயம் வட்டாரத்துக்கும் பொருந்தும் என்ற எண்ணம் வருகிறது.

ஐரோப்பியக் கல்லறைகளிலும் அச்சம் முதற்பார்வையில்தான் இருக்கிறது. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியல் வாசகங்களை முதன்மையாகக் கொண்டது. யார், எப்போது, எந்த வயதில் இறந்தார் என்று படித்துக்கொண்டே போகும்போது அது ஒரு சமூகத்தின் வரலாறாக மாறிவிடுகிறது. திருப்பூரை உள்ளடக்கியிருந்த அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர் ஜான் சல்லிவன். அவருடைய மனைவியும் மகளும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பாசிபடிந்த கல்லாக மட்டும் பார்த்தால் அது மர்மம். பெயர்களைப் படித்தால் அது ஒரு குடும்பத்தின் துயரம்.

எழுத்தில்லாத கற்கள்

கொங்குப் பகுதியின் புலிகுத்திக்கற்களில் பலவற்றில் எழுத்து இல்லை. இங்குதான் ஒளிப்படம் எடுப்பவரின் பொறுப்பு கூடுகிறது. எழுத்தில்லாத கல்லிலும் படிக்க வேண்டியவை உண்டு. வீரனின் கொண்டை எந்தப் பக்கம் முடியப்பட்டுள்ளது, கையிலுள்ள கருவி எது, இடையில் குறுவாள் உள்ளதா, புலி ஒன்றா இரண்டா, அருகில் பெண் உருவம் உள்ளதா, கழுத்திலும் காதிலும் என்ன அணி என்பவை காலத்தையும் நிகழ்வையும் கணிக்க உதவுகின்றன. ஒரே ஒரு முன்புறப் படம் இவற்றைத் தராது.

அத்தகைய கல்லின் வாசகம் மக்கள் வாயில் இருக்கிறது. இது எங்கள் குலத்துப் பெரியவர் கல், மாட்டுப் பொங்கலன்று முதல் பொங்கல் இதற்குத்தான், கன்று ஈன்றால் சீம்பால் கொண்டுவந்து ஊற்றுவோம் என்பதுபோல ஊரார் சொல்லும் செய்திகளே அதன் கல்லெழுத்து. அவற்றில் வரலாறும் கற்பனையும் கலந்திருக்கலாம். அதனால் 'ஊரார் கூறுவது' என்று குறித்து, நாளையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

திருப்பூர் வட்டாரத்தில் இந்த வாய்மொழி எழுத்து வேகமாகத் தேய்கிறது. காடு தோட்டமாக இருந்த நிலம் மனைப்பிரிவாகிறது. கல்லின் கதையைச் சொல்லக்கூடிய குடும்பம் நிலத்தை விற்று நகருக்குப் போகிறது. அந்த இடத்தில் பனியன் கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்கள் குடியேறுகின்றனர். அவர்களில் சிலர் அந்தக் கல்லுக்கு விளக்கேற்றுவதும் உண்டு. ஆனால் பெயர் தெரியாது. கல் பத்திரமாக இருந்தும் பெயர் போய்விட்டால் மீட்க வழியில்லை. ஆகவே இன்று எடுக்கப்படும் படத்தோடு பெயரும் சேராவிட்டால், இன்னும் 20 ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு எஞ்சப்போவது மர்மம் மட்டுமே. அந்த மர்மம் கல்லில் இருந்ததன்று, நம் கவனக்குறைவால் உண்டானது.

பயனுள்ள படத்தின் இலக்கணம்

பொறிப்பைப் படம் எடுப்பதில் ஒளியின் திசையே முதன்மையானது. நண்பகல் வெயில் மேலிருந்து விழுந்து பள்ளங்களை நிரவிவிடும். காலை அல்லது மாலையில் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வரும் வெயிலில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். எழுத்து தானே எழுந்து நிற்கும். எண்ணெய் படிந்த கல்லில் கேமராவின் பிளாஷ் நேராகப் பட்டால் பளபளப்பு மட்டுமே பதியும். வெயில் படாத கல்லை இருட்டிய பிறகு ஒருவர் பக்கத்திலிருந்து டார்ச் அடிக்க, மற்றவர் படம் எடுக்கலாம். கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒளியைப் பல திசைகளிலிருந்து பாய்ச்சிப் பல படங்கள் எடுத்துக் கணினியில் இணைக்கும் முறையும் உள்ளது. அதன் அடிப்படையை 2001-இல் எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்டது.

இருளில் பக்கவாட்டு டார்ச் ஒளியில் எடுக்கும் படம்தான் பார்க்க மிகவும் அச்சமூட்டும். எழுத்தும் அதில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். எனவே இருட்டுப் படம் என்பதால் மட்டுமே ஒரு படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. எழுத்தைக் காட்ட இருளைப் பயன்படுத்தியுள்ளாரா, எழுத்தை மறைக்கப் பயன்படுத்தியுள்ளாரா என்று பார்த்தால் போதும்.

ஒரு கல்லுக்கு ஐந்து படங்களாவது தேவை. நேர்முகமாக முழுக் கல், அளவுகோலோடு ஒன்று, எழுத்து அல்லது உருவத்தின் அண்மைக் காட்சி, பின்புறம், சுற்றுப்புறத்தோடு சேர்ந்த தொலைக்காட்சி ஆகியவை அவை. அளவுகோல் இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை அருகில் சாய்த்து வைக்கலாம், கல்லின்மேல் வைக்கக்கூடாது. குறிப்பில் ஊர், வட்டம், கல் நிற்கும் இடம், உயரம், அகலம், ஊரார் வழங்கும் பெயர், படம் எடுத்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தகவலாற்றுப்படை தளத்தில் தொல்லியல் சின்னங்கள் இடம், காலம், அமைப்பு முதலிய தலைப்புகளில் பதிவு செய்யப்பட்டுள்ளன. புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கும் மாணவர்கள் அந்த அமைப்பைப் பின்பற்றலாம். உரிமக் குறிப்போடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் பிறரும் பயன்படுத்த முடியும்.

திருப்பூரில் இயங்கும் வீரராசேந்திரன் தொல்லியல் வரலாற்று ஆய்வு மையம் போன்ற உள்ளூர் அமைப்புகள் கண்டறிந்த கற்கள் நாளிதழ்ச் செய்திகள் வழியே வெளியுலகுக்குத் தெரியவந்துள்ளன. செய்தித்தாளில் படத்துக்குக் கிடைக்கும் இடம் சிறியது. அந்தச் சிறிய படத்தை வைத்து எழுத்தைச் சரிபார்க்க இயலாது. தெளிவான மூலப்படங்கள் பொதுவெளியில் நிலையாகக் கிடைத்தால் வாசிப்பைப் பிறரும் சோதிக்கலாம், திருத்தலாம்.

வழிபாட்டில் உள்ள கல்லின் ஆடையையோ மாலையையோ அனுமதியின்றி அகற்றக்கூடாது. பூசை செய்பவரிடம் கேட்டால், கல்லைக் குளிப்பாட்டும் நாளில் வரச் சொல்வார்கள். அன்று எடுக்கும் படமே தெளிவானது. மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருளோ கல்லோ வெளிப்பட்டால் கிராம நிர்வாக அலுவலர் வழியே வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. ஈமக்காடுகளில் புதையல் தேடித் தோண்டுவோர் இருப்பதால், காவலில்லாத கல்லறைகளின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் வெளியிடாமல் தொல்லியல் துறைக்கு மட்டும் அளிப்பது நல்லது.

மதிப்பீடு

திகில் படங்களுக்கு ஒரு பயன் உண்டு என்பதை மறுக்க முடியாது. வரலாற்றில் ஆர்வமில்லாத இளைஞரை ஒரு நடுகல்லின் முன் அவை கொண்டுவந்து நிறுத்துகின்றன. அச்சத்தால் நின்றவர் பிறகு படிக்கவும் கூடும். கல்வெட்டு ஆர்வலர்கள் பலருக்கு முதல் ஈர்ப்பு வியப்போ அச்சமோதான். அந்த வகையில் இப்படங்கள் ஒரு வாயிலாக அமையலாம்.

வாயிலோடு நின்றுவிடுவதே இவற்றின் குறை. செங்கம் நடுகற்களைப் பதிப்பித்தவர்கள் கல்லின் முன் நின்று, படித்து, பிறரும் படிக்கும்படி செய்தார்கள். அதனால் எடத்தனூர்க் காவல் நாய்க்குப் பெயர் கிடைத்தது. இன்று கைப்பேசியோடு புலிகுத்திக்கல்லின் முன் நிற்பவருக்கு அவர்களிடம் இல்லாத வசதிகள் உள்ளன. ஒரு நிமிடத்தில் பத்துப் படம் எடுக்கலாம். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சொல்வதை அப்படியே குரற்பதிவு செய்யலாம். அன்று மாலையே உலகம் முழுவதும் பார்க்க வைக்கலாம். இவ்வளவு இருந்தும் படத்தின் அடியில் 'திகில்' என்ற ஒரு சொல் மட்டுமே இருக்குமானால், அது அகநானூற்று வழிப்போக்கரைவிட ஒரு படி கீழானது. அவருக்காவது நடந்துவந்த களைப்பு இருந்தது.

கொங்கு நாட்டு நடுகல் படங்களை மதிப்பிட விரும்பும் மாணவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். இந்தக் கல் நாளை இல்லாமல் போனால், இது யாருடைய கல் என்று இந்தப் படத்தையும் குறிப்பையும் கொண்டு சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது நல்ல படம். அது இருட்டாக இருந்தாலும், பின்னால் மின்கம்பம் தெரிந்தாலும் அதில் குறையொன்றும் இல்லை.